கட்டையைப் பிளந்து பெற்ற அறிவு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், லாஸ் அலமோஸ் ஊரை ஒட்டி எழும் ஹேமெஸ் மலைத்தொடரில் மட்டுமே வாழும் சாலமாண்டர் ஒன்று உண்டு. 1950-ல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்கள். 1960 முதல் 1999 வரை ஆய்வுக்காகவும் கற்பித்தலுக்காகவும் அந்தக் காடுகளிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டவை ஏறத்தாழ ஆயிரம். அவற்றில் 738, முதல் இருபது ஆண்டுகளிலேயே எடுக்கப்பட்டவை. 2013-ல் அமெரிக்க மீன், வனவுயிர்த் துறை அதே சாலமாண்டரை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது.

இவ்விரண்டு செய்திகளையும் அடுத்தடுத்துப் படிப்பவர், ஆய்வாளர்களே அதை அழித்தார்கள் என்ற முடிவுக்கு வந்துவிடலாம். அது அவசர முடிவு. ஆயிரம் உயிர்கள் ஒரு பெரிய எண்ணிக்கையே அல்ல என்று கடந்துபோவதும் அதே அளவுக்குத் தவறு. மலைக்காட்டின் ஊசியிலை மரங்களுக்கடியில் ஒளிந்து வாழும் இந்தச் சிற்றுயிரை அறிவியலின் பெயரால் எடுத்துச் சென்றோமே, அதனால் எதைப் பெற்றோம், எதை இழந்தோம், இனியும் எடுக்கலாமா? இம்மூன்று கேள்விகளையும் தனித்தனியே எடைபோட்டால்தான் நேர்மையான தீர்ப்பு சொல்ல முடியும்.

முதலில் உயிரினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழ் நிலத்தில் சாலமாண்டர் கிடையாது. இந்தியாவில் கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கிலும்தான் அதன் உறவினங்களைக் காணலாம். உருவத்தில் பல்லியை நினைவூட்டினாலும் அது தவளைக்கு நெருங்கிய உறவு. தோலில் செதில் இல்லை, எப்போதும் ஈரம். ஹேமெஸ் சாலமாண்டருக்கு நுரையீரலும் இல்லை. தோல் வழியாகவும் வாயின் உட்சவ்வு வழியாகவுமே மூச்சு. ஈரம் போனால் மூச்சும் போகும். ஆகவே கடல்மட்டத்திலிருந்து சுமார் 7,200 முதல் 9,500 அடி உயரத்தில், எரிமலைப் பாறைகளின் இடுக்குகளில், ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை கோடை மழை பெய்யும்போது மேலே வந்து, விழுந்து மக்கிய டக்ளஸ் ஃபர் மரக்கட்டைகளின் உள்ளேயும் கற்களின் அடியிலும் தங்குகிறது. எறும்பு, வண்டு, மண்புழு அதன் உணவு. ஒரு பெண் ஒரு முறைக்கு ஏழெட்டு முட்டையே இடுகிறது. அதுவும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் என்று கணித்திருக்கிறார்கள்.

இந்தக் கடைசித் தகவல் எப்படிக் கிடைத்தது? மண்ணுக்குள் நடக்கும் இனப்பெருக்கத்தை யாரும் உட்கார்ந்து பார்த்து எழுதவில்லை. சேகரித்த பெண் சாலமாண்டர்களை அறுத்து, உள்ளே முதிர்ந்திருந்த கருமுட்டைகளை எண்ணினார்கள். சேகரிப்பைக் கண்டிக்க நாம் கையில் எடுக்கும் எண்ணே சேகரிப்பின் கொடைதான். இதை மறைத்துவிட்டு விவாதிப்பது முறையாகாது.

சேகரிப்பின் தரப்பில் சொல்லத்தக்க வாதங்கள் மூன்று. மூன்றும் வலுவானவை.

முதலாவது, பெயரும் பாதுகாப்பும். சட்டம் ஓர் உயிரினத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அது தனி இனம் என்று நிறுவப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவின் கிழக்கே அப்பலாச்சிய மலைகளில் வாழும் காட்டுச் சாலமாண்டர்களைப் பார்வையால் மட்டும் பிரித்தறிவது கடினம். ரிச்சர்ட் ஹைட்டன் என்ற ஆய்வாளர் தம் வாழ்நாளையே அவற்றுக்காகச் செலவிட்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைச் சேகரித்தார். அவை இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. புரத மூலக்கூறுகளை மின்புலத்தில் ஓடவிட்டு ஒப்பிடும் அவருடைய முறைக்கு உள்ளுறுப்புத் திசுக்கள் தேவைப்பட்டன. அன்றைய நுட்பத்தில் அதற்கு உயிரை எடுப்பதைத் தவிர வழியில்லை. வர்ஜீனியாவின் ஷெனன்டோவா தேசியப் பூங்காவில் மூன்று சிகரங்களில் மட்டும் வாழும் சாலமாண்டரை 1967-ல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். 1989-ல் அது கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்றது. ஒரே இனம் என்று கருதப்பட்ட 'ஜோர்டன் சாலமாண்டர்' உண்மையில் ஏழு இனங்கள் என்று 2000-ல் அவர் தரப்பு வாதிட்டது. அதன்படி கன்னம் சிவந்த ஜோர்டன் சாலமாண்டரின் உலகம் முழுவதும் கிரேட் ஸ்மோக்கி மலைகளுக்குள் அடங்கிவிடுகிறது. எவ்வளவு சிறிய இடத்தை நம்பி ஓர் இனம் வாழ்கிறது என்ற அறிவு, சேகரித்த உடல்கள் இல்லாமல் கிடைத்திருக்காது.

இரண்டாவது, சேகரித்தவர்களே கேட்டிராத கேள்விகளுக்கும் அந்த உடல்கள் பதில் சொல்கின்றன. மெக்சிகோவின் ஒஹாகா மாநிலத்தில் செர்ரோ சான் ஃபெலிப்பே என்ற மலையின் உச்சிக்காட்டில் 1970-களில் ஒரே காலைப்பொழுதில் ஒரு சாலமாண்டர் இனத்தை நூற்றுக்கணக்கில் பார்க்க முடிந்தது. பின்னாளில் அதே மலையில் தேடியவர்களுக்கு அந்த இனம் கிடைப்பதே அரிதாகிவிட்டது. குவாதமாலாவின் மேற்கு மலைகளிலும் இதே கதை. 2009-ல் இந்தச் சரிவு ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. 2011-ல் வெளிவந்த மற்றொரு ஆய்வில், ஜாடிகளில் கிடந்த பழைய உடல்களின் தோலைப் பஞ்சால் ஒற்றி எடுத்து, உலகெங்கும் தவளைகளைக் கொன்றுவரும் கைட்ரிட் பூஞ்சையின் மரபணுவைத் தேடினார்கள். 1970-களின் தொடக்கத்தில் தெற்கு மெக்சிகோவில் தோன்றிய பூஞ்சை, 1980-களில் குவாதமாலாவை அடைந்து, பின்னர் கோஸ்டாரிகா வரை பரவியிருந்தது. ஒவ்வோரிடத்திலும் அது வந்த காலமும் உயிரினங்கள் காணாமற்போன காலமும் பொருந்தின. அந்தப் பூஞ்சையை அறிவியல் இனங்கண்டதே 1990-களின் இறுதியில்தான். 1970-களில் சேகரித்தவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஆயினும் அவர்கள் காத்துவைத்தவையே கொலைகாரனைக் காட்டிக்கொடுத்தன.

மூன்றாவது, விலங்குகளை ஓரிடத்திலிருந்து அகற்றிப் பார்த்தால் மட்டுமே விடை கிடைக்கும் சில கேள்விகள் உண்டு. நெல்சன் ஹேர்ஸ்டன் என்ற ஆய்வாளர் 1974 முதல் 1978 வரை ஸ்மோக்கி மலைகளிலும் பால்சம் மலைகளிலும் குறிப்பிட்ட நிலத்துண்டுகளிலிருந்து ஓர் இனச் சாலமாண்டர்களைத் தொடர்ந்து அகற்றினார். ஓர் இனம் குறைந்ததும் போட்டி இனம் பெருகியது. இயற்கையில் இனங்களுக்கிடையே நடக்கும் போட்டியைக் களத்திலேயே நிரூபித்த முன்னோடிச் சோதனைகளில் அதுவும் ஒன்று. ஓரமாக நின்று வேடிக்கை பார்த்து இந்த முடிவை எட்டியிருக்க முடியாது.

சேகரித்தவர்களின் நோக்கத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. வட கரோலினாவின் கிராண்ட்ஃபாதர் மலையில், ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்த உச்சியில், வொர்த் ஹாமில்டன் வெல்லர் என்ற இளைஞர் புதிய சாலமாண்டர் ஒன்றைக் கண்டெடுத்தார். 1931-ல் அந்த இனத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதே ஆண்டு, அதே மலையில் சாலமாண்டர் தேடும்போது தவறி விழுந்து இறந்தார். வயது 18. இந்தச் சிற்றுயிர்கள் மீது அக்கறை கொண்டவர்களே மழையிலும் குளிரிலும் மலையேறினார்கள். அவர்களை வேட்டைக்காரர்களின் வரிசையில் நிறுத்துவது அநீதி.

இனி மறுதரப்பு. நல்ல நோக்கமும் நல்ல விளைவும் ஒரு பக்கம் இருக்க, செலவு என்ன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஒரு பெண் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஏழெட்டு முட்டை இடும் என்றால், ஆண்டுக்குச் சராசரியாக மூன்று முட்டைகூட இல்லை. அவற்றிலும் எத்தனை பொரிந்து, வளர்ந்து, இனப்பெருக்க வயதை எட்டும்? ஒரே சரிவில் நூறு முதிர்ந்த சாலமாண்டர்களை எடுத்தால், அங்கே பல ஆண்டுகளில் பிறந்து வளர்ந்து தப்பிப் பிழைத்த தலைமுறையையே எடுத்ததாகும். ஆயிரக்கணக்கில் முட்டையிடும் தேரைக்குப் பொருந்தும் கணக்கு இதற்குப் பொருந்தாது. இவை நெடுந்தூரம் இடம்பெயர்வனவும் அல்ல. காலியான சரிவை அடுத்த மலைச்சரிவிலிருந்து வந்து சீக்கிரம் நிரப்பிவிடாது. ஹேமெஸ் மலையில், முன்பு தாராளமாகக் கிடைத்த சில இடங்களில், திரும்பத் திரும்பச் சேகரித்த பிறகு அவை அரிதாகிவிட்டதை அரசு ஆவணங்களே குறிப்பிடுகின்றன.

இதற்கு வழக்கமாக வரும் பதில்: மேலே தென்படுபவை மொத்தத்தில் சிறு பங்கு, பெரும்பாலானவை மண்ணுக்குள் பத்திரமாக உள்ளன. இந்தப் பதிலில் உண்மை உண்டு; ஆனால் அது இருமுனைக் கத்தி. மண்ணுக்குள் எவ்வளவு உள்ளது என்று அளந்திருந்தால்தான் அதை நம்பி எடுக்கலாம். அளக்காத இருப்பைக் காட்டி எடுப்பது கணக்காகாது. மழைக்காலத்தில் இரை தேடியும் துணை தேடியும் மேலே வருபவையும் சாதாரணப் பங்கு அல்ல, அடுத்த தலைமுறையை உருவாக்கக்கூடியவை அவையே.

என் பார்வையில், கொன்றதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. விவாதங்களில் அது அரிதாகவே பேசப்படுகிறது. மக்கிய கட்டைக்குள் இருக்கும் சாலமாண்டரைப் பிடிக்க, கட்டையை உடைத்துப் பிரிக்க வேண்டும். பெரிய டக்ளஸ் ஃபர் மரம் ஒன்று முளைத்து முதிர நூறு, இருநூறு ஆண்டுகள் ஆகலாம். விழுந்தபின் உள்ளே ஈரத்தைத் தேக்கிவைக்கும் அளவுக்கு மக்குவதற்கு மேலும் பல பத்தாண்டுகள். அதைச் சில நிமிடங்களில் பிளந்துவிடலாம். பிளந்த கட்டை காய்ந்துபோகும். மறுபடி அது புகலிடம் ஆகாது. பிடித்த விலங்கைத் திரும்ப விட்டாலும் வீட்டைத் திரும்பத் தர முடியாது. ஆகவே 'நாங்கள் கொல்வதில்லை, எண்ணிவிட்டு விட்டுவிடுகிறோம்' என்று சொல்லும் கணக்கெடுப்பும் கட்டையைப் பிளந்தே நடக்கும் வரை குற்றமற்றது ஆகாது. உயிரை எடுத்ததா இல்லையா என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது என்பதற்கு இதுவே சான்று.

அடுத்தது, பெற்ற அறிவின் தரம். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, ஹைட்டன் முன்பு சேகரித்த இடங்களுக்கே திரும்பச் சென்று அளந்து, அப்பலாச்சியச் சாலமாண்டர்கள் சிலவற்றின் உடல் அளவு காலநிலை மாற்றத்தால் சுருங்கிவிட்டதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே மற்ற ஆய்வாளர்கள், அந்தச் சுருக்கத்துக்கு வேறு விளக்கங்களும் உண்டு என்று மறுத்தார்கள். மறுப்பின் சாரத்தை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: பழைய சேகரிப்பாளர் பெரியவற்றையே விரும்பி எடுத்தாரா, கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாரா, எத்தனை பேர் எத்தனை மணிநேரம் தேடினார்கள் என்பது தெரியாவிட்டால் அன்றைய ஜாடியை இன்றைய காட்டோடு ஒப்பிட முடியாது. ஜாடியில் இருப்பது கிடைத்தவை மட்டுமே. தேடியும் கிடைக்காத நாட்கள் அதில் இல்லை. ஓர் இனம் குறைந்ததா என்று அறிய அந்த வெறுங்கை நாட்களே முதன்மைச் சான்று. 2005-ல் ஹைட்டன் தம் சாலமாண்டர்களின் சரிவைப் பற்றி எழுத முடிந்தது, பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பயணத்திலும் கண்டவற்றை அவர் குறித்துவைத்திருந்ததால்தான். அவருடைய லட்சம் உடல்களைவிட அந்தக் குறிப்பேடுகளின் எடை அதிகம் என்றே சொல்வேன்.

இருதரப்பும் நேருக்கு நேர் மோதிய தருணம் ஒன்றும் உண்டு. 2014-ல் 'சயன்ஸ்' இதழில் நான்கு அறிஞர்கள், சிறிய எண்ணிக்கையில் வாழும் இனங்களைக் கொன்று சேகரிப்பதைக் கைவிட்டு ஒளிப்படம், ஒலிப்பதிவு, மரபணு மாதிரிகள் போன்ற வழிகளுக்கு மாற வேண்டும் என்று எழுதினார்கள். சில வாரங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் சேர்ந்து மறுப்பு எழுதினார்கள்: இன அழிவுக்கு அறிவியல் சேகரிப்பு காரணமல்ல, வாழிடம் அழிவதும் நோயும் சுரண்டலுமே காரணம், சேகரிப்பை நிறுத்தினால் அழிவை அறியும் கருவியையே இழப்போம்.

மறுப்பு எழுதியவர்கள் ஒரு முழு இனத்தைப் பற்றிச் சொல்வதை ஹேமெஸ் வழக்கும் பெருமளவு உறுதிசெய்கிறது. 2011-ல் லாஸ் கான்சாஸ் காட்டுத்தீ அந்த மலைகளில் ஒன்றரை லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தது. நூறாண்டுக் காலம் சிறு தீக்களை அணைத்துக்கொண்டே வந்ததால் காடு அளவுக்கு மீறி அடர்ந்து, பெருந்தீக்கு இரையாக நின்றது. மரம் வெட்டுதலும் வறட்சியும் வெப்பமும் சேர்ந்துகொண்டன. பட்டியலில் சேர்த்ததற்கு அரசு சொன்ன முதன்மைக் காரணங்கள் இவையே. அனுமதிக் கட்டுப்பாடுகள் வந்துவிட்ட நிலையில் சேகரிப்பு இன்றைய அச்சுறுத்தலாகக் கருதப்படவில்லை. ஆயிரம் உடல்களை எடுக்காமல் விட்டிருந்தாலும் தீ வந்தே இருக்கும்.

ஆனால் இந்த வாதம் தீர்ப்பாகிவிடாது. இனம் என்பது பல சரிவுகளில் சிதறிக் கிடக்கும் சிறு கூட்டங்களின் தொகுப்பு. இனம் முழுவதற்கும் சிறிதாகத் தெரியும் எண், ஒரு கூட்டத்துக்கு முழு அழிவாக இருக்கலாம். தீ ஆயிரம் இடங்களை எரித்தது என்பதால், தீக்குத் தப்பி மிச்சமிருக்கும் இடத்தில் நாம் கைவைக்க உரிமை வந்துவிடாது. மாறாக, மற்றக் காரணங்களால் கூட்டங்கள் சிறுக்கச் சிறுக்க, ஒவ்வோர் உயிரின் விலையும் ஏறுகிறது. 1965-ல் பொறுக்கத் தக்க எண்ணிக்கை இன்று பொறுக்கத் தக்கதல்ல.

'நாளைக்கு உதவும்' என்ற வாதத்தையும் சோதிக்க வேண்டும். பூஞ்சை வரலாறு அதன் ஒளிமிக்க வெற்றி. ஆனால் அந்த வாதத்துக்கு மேல்வரம்பு கிடையாது. முதல் பத்து உடல்களுக்கும் அறுநூறாவது உடலுக்கும் அது ஒரே நியாயத்தைத் தருகிறது. வரம்பைக் கணக்குதான் தர வேண்டும். ஒரு கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து விலங்குகளுக்கு நோய் இருந்தால், அதை 95 விழுக்காடு உறுதியோடு கண்டுபிடிக்க ஏறத்தாழ 59 விலங்குகளைச் சோதிக்க வேண்டும். ஐந்தாறு உடல்களைக் கொண்டு நோயின் வரலாற்றை எழுத முடியாது என்று சேகரிப்பாளர் சொல்வது இதனால் நியாயமே. ஆனால் இன்று அந்த 59 விலங்குகளையும் கொல்ல வேண்டியதில்லை. தோலைப் பஞ்சால் ஒற்றி உறைகுளிரில் வைத்தால் போதும். நேற்று ஏற்கத்தக்கதாக இருந்த எண்ணிக்கைக்கு இன்று அதே காரணத்தைச் சொல்ல முடியாது.

மாற்று வழிகளுக்கும் குறைகள் உண்டு. அவற்றைப் புனிதமாக்கக் கூடாது. மரபணுவுக்காக வால்நுனியை வெட்டினால் வால் மீண்டும் வளரும். ஆனால் வாலில்தான் கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது. அதை இழந்த பெண்ணுக்கு முட்டை இடுவது மேலும் தள்ளிப்போகலாம். காட்டில் பலகைகளைப் பரப்பி அவற்றின் அடியில் வந்து தங்குபவற்றை எண்ணும் முறை கட்டைகளைக் காப்பாற்றுகிறது. ஆனால் பலகைக்கு வராதவற்றை அது காட்டாது. ஒளிப்படம் நிறத்தைக் காட்டும், எலும்பைக் காட்டாது. மெக்சிகோவின் மிகச்சிறிய சாலமாண்டர்களான தோரியஸ் பேரினத்தில் இனத்தைப் பிரித்தறிய எலும்பும் பல்லும் பார்த்தாக வேண்டும். 2016-ல் ஒஹாகாவிலிருந்து அப்பேரினத்தின் மூன்று புதிய இனங்களை விவரித்தவர்கள், முன்பே அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்திருந்த உடல்களையும் ஊடுகதிர் நுண்படங்களையும் பெரிதும் நம்பினார்கள். அந்த மூன்றில் ஒன்றின் இலத்தீன் பெயருக்குப் பைன் காட்டில் வாழ்வது என்று பொருள். இந்த எடுத்துக்காட்டு இருதரப்புக்கும் பாடம். உடல் இல்லாமல் அந்த இனங்களுக்குப் பெயரே இருந்திருக்காது. பெயர் பெறக் காத்திருந்த இனங்கள் ஏற்கெனவே அலமாரியில் இருந்தன என்பதும் உண்மை.

இனி என் தீர்ப்பு.

அருங்காட்சியகங்களில் ஏற்கெனவே உள்ள சேகரிப்புகள் விலைமதிப்பற்றவை. அவற்றைப் பழைய பாவத்தின் சின்னமாகப் பார்த்து நிதியைக் குறைப்பவர்கள், அந்த உயிர்களை இரண்டாம் முறை வீணாக்குகிறார்கள். ஓர் இனத்தை நிறுவவும், ஓர் இடத்தில் அது வாழ்ந்தது என்பதற்குச் சான்று வைக்கவும் சில உடல்களை எடுப்பது இன்றும் ஏற்கத்தக்கதே. 'ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது' என்ற நிலையை நான் ஏற்கவில்லை.

ஆனால் 1960-களிலும் 1970-களிலும் ஹேமெஸ் மலையில் நடந்த வகையிலான தொடர் சேகரிப்பு தேர்ச்சி பெறவில்லை. குறுகிய பரப்பில் வாழும், மெதுவாகப் பெருகும் ஓர் இனத்தை, மொத்த எண்ணிக்கை தெரியாமலே, அறிந்த இடங்களிலிருந்து மீண்டும் மீண்டும் எடுத்தது அக்கால அறிவின்படியும் எச்சரிக்கையற்ற செயல். அதனால் கிடைத்த அறிவு உண்மையானது. ஆனால் அதில் பெரும்பகுதியை அதைவிட மிகக் குறைவான உடல்களிலிருந்தே பெற்றிருக்க முடியும். எத்தனை பேர் எவ்வளவு நேரம் தேடினார்கள் என்ற குறிப்பு ஒவ்வொரு சேகரிப்போடும் வந்திருந்தால், இன்று அந்த ஆயிரம் உடல்களின் பயன் பன்மடங்காகியிருக்கும்.

இனி அனுமதி கேட்பவரே நிரூபிக்க வேண்டும். தாம் கேட்கும் கேள்விக்கு அலமாரியில் விடை இல்லை என்பதை முதலில் காட்ட வேண்டும். பிறகு பஞ்சொற்றலோ வால்நுனியோ ஏன் போதாது என்று சொல்ல வேண்டும். அப்புறமும் உடல் தேவையென்றால், எத்தனை என்பதை அந்த இனத்தின் பிறப்பு வேகத்தோடு பொருத்திக் கணக்குக் காட்ட வேண்டும். ஒரே சரிவுக்குத் திரும்பத் திரும்பப் போகக் கூடாது. எண்ணுவதற்காக மட்டும் மக்கிய கட்டையைப் பிளப்பதை முற்றாக நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சரிவிலும் கைபடாத கட்டைகள் எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும். வெறுங்கையோடு திரும்பிய நாட்களையும் கிடைத்தவற்றோடு சேர்த்தே பதிவிட்டு வெளியிட வேண்டும். தீயிலும் சாலையிலும் இறந்து கிடப்பவற்றைச் சேர்த்துவைக்கும் ஏற்பாட்டுக்கு முன்னுரிமை தர வேண்டும்.

இவை கடுமையான நிபந்தனைகளாகத் தோன்றலாம். ஆனால் இதே கண்டிப்பை மரம் வெட்டுபவரிடமும் தீயணைப்புத் திட்டம் தீட்டுபவரிடமும் நாம் கேட்கிறோம். அந்தக் காட்டைப் பற்றி மற்றெல்லாரையும்விட அதிகம் அறிந்தவர் ஆய்வாளர். அறிந்தவரிடம்தான் கணக்கை முதலில் கேட்க வேண்டும்.